மச்சான் சொன்ன அர்த்தம்

கள்ளிக்குப்பம், அம்பத்தூர்
6 ஏப்ரல் 2024

மருமகள் ரேவதிக்கு மாமா அழகேசன் சொல்லி எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஜபல்பூர் வெயிலுக்கு வாடாமல் இருக்க வேண்டும். அப்பாவை வேளாவேளைக்கு மாத்திரை போட வை.

இந்தக் கடிதத்தை உன் பள்ளிக்கூட விலாசத்துக்கு அனுப்பக் காரணம் இருக்கிறது. படித்ததும் கிழித்துவிடு. உன் அப்பா கண்ணில் படக் கூடாது.

உன் அத்தை நாகம்மாளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவள் குடத்தோடு சாய்ந்துவிட்டாள். ஸ்கேன் எடுத்ததில் அடிவயிற்றில் கட்டி என்கிறார்கள். முதலில் ரத்தம் ஏற்றி உடம்பைத் தேற்ற வேண்டுமாம், பிறகுதான் அறுத்து எடுப்பார்களாம். அது நல்ல ஜாதியா கெட்ட ஜாதியா என்பது எடுத்துச் சோதித்தால்தான் தெரியுமாம்.

படுத்த படுக்கையிலேயே உன் அத்தை என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். "எங்க அண்ணனாண்ட மூச்சு வுடக் கூடாது. நெஞ்சுல ரெண்டு ஸ்பிரிங்கு வச்சிகினு கீறவரு. சேதி கேட்டா அப்டியே ரயில் ஏறிடுவாரு. அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் பொழச்சு இன்னாத்துக்கு" என்றாள். அவள் சொல்வது சரி என்றே எனக்கும் பட்டது.

நம் பையன் கௌதம் உனக்குப் போன் போடுகிறேன் என்றான். நான்தான் வேண்டாம் என்றேன். காது போன பிறகு உன் அப்பா உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுகிறார். நீ போனைக் காதில் வைத்துக்கொண்டு ஒரு தடவை "ஐயோ அத்தை" என்றால் போதும், கதை முடிந்தது.

எனக்கு எழுத்து தெரியாது. இதுநாள் வரை நான் சொல்லச் சொல்ல உன் அத்தைதான் உன் அப்பாவுக்கு எழுதினாள். இப்போது எழுதுவது எதிர்வீட்டு ஆக்னஸ். ஜாக்கெட் தைக்கிறவள், வாய் காக்கிறவள். நான் "கீது" என்றால் அவள் "இருக்கிறது" என்று எழுதுகிறாள். கேட்டால், "கடுதாசின்னா அப்டித்தாண்ணே எழுதணும்" என்கிறாள்.

அத்தைக்குக் கை சுளுக்கு என்று உன் அப்பாவுக்கு எழுதப் போகிறேன். நீயும் அதையே பிடித்துக்கொள். அவருக்கு எப்போதும்போலக் கடிதம் வர வேண்டும். உன் அத்தை தாள் மூலையில் மஞ்சள் வைப்பாளே, அதைக்கூட நான் மறக்கவில்லை.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

மாமா அழகேசன்


கள்ளிக்குப்பம்
8 ஏப்ரல் 2024

மச்சான் உத்தமனுக்கு அழகேசன் சொல்வது. உன் நெஞ்சும் நீயும் சண்டை போடாமல் இருக்கிறீர்களா? இங்கே எல்லாரும் நல்லபடி.

எழுத்து மாறியிருக்கிறதே என்று பார்ப்பாய். உன் தங்கச்சிக்குக் கையில் சுளுக்கு. பேனா பிடிக்க முடியவில்லை. அதனால் எதிர்வீட்டு ஆக்னஸ் எழுதுகிறாள். மேலே பிள்ளையார் சுழி போடச் சொன்னேன், போட்டாள். கீழே அவள் பங்குக்கு ஒரு சிலுவை போட்டிருக்கிறாள். இரண்டு சாமியும் சேர்ந்து இந்தக் கடிதத்தைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்னிடம் ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். தினகரன் டீக்கடையில் ஒரு வாக்குவாதம். ஒருத்தன் "ஸ்டேபிள்" என்கிறான், இன்னொருத்தன் "நார்மல்" என்கிறான். இரண்டும் நன்றாக இருப்பதைத்தானே சொல்கிறது, பின்னே எதற்கு இரண்டு வார்த்தை என்று நான் கேட்டேன். யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. "ஸ்டேபிளாத்தான் கீறாங்க, நார்மலுக்கு இன்னும் வரல" என்று ஒரு பேச்சு வந்தால், அதற்கு என்ன அர்த்தம்?

கௌதமைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா, வுடு" என்கிறான். பாக்டரியில் சேர்ந்த நாளிலிருந்து எனக்கு இங்கிலீஷ் என்றால் நீதான். கேட்டில் ஒட்டிய நோட்டீசு, யூனியன்காரன் கொடுத்த தாள், எல்லாவற்றுக்கும் நீ சொன்ன அர்த்தம்தான் எனக்கு அர்த்தம். வேறு யார் சொன்னாலும் மனசில் நிற்க மாட்டேன் என்கிறது. சீக்கிரம் எழுது.

உன் தங்கச்சி விசாரித்தாள்.

அழகேசன்


ஜபல்பூர்
16 ஏப்ரல் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

என் நெஞ்சு நான் சொன்னபடி கேட்கிறது. நான்தான் ரேவதி சொன்னபடி கேட்பதில்லை. உப்பில்லாத சாம்பாரை உன் முன்னால் வைத்தால் நீ தட்டோடு எழுந்து போய்விடுவாய்.

ஆக்னஸ் அம்மாளின் கையெழுத்து தையல் போட்டதுபோல ஒரே நேராக இருக்கிறது. நாகம்மாள் எழுத்து ஆவடி பஸ் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்ந்தபடி வரும். எந்தக் கை சுளுக்கு? எண்ணெய் தேய்த்தாளா? கட்டாயம் பதில் எழுதச் சொல், அதாவது சொல்லச் சொல்.

உன் டீக்கடை வாக்குவாதத்துக்கு வருகிறேன். நார்மல் என்றால் எப்போதும் எப்படி இருக்குமோ அப்படி. நீ காலையில் எழுந்து தினகரன் கடைக்குப் போய் அரைச் சர்க்கரை டீ கேட்டால் அது நார்மல். ஸ்டேபிள் என்றால் அசையாமல் நிற்பது. நம் பாக்டரி ஸ்டோர்ஸில் முக்காலி ஒன்று இருந்ததே, நினைவிருக்கிறதா? மூன்றே கால், ஆனால் தரை எப்படிக் கோணலாக இருந்தாலும் ஆடாது. ஏறி நின்று மேல் தட்டிலிருந்து பெட்டி எடுப்போம். அதுதான் ஸ்டேபிள். நார்மல் ஆக இன்னும் ஒரு கால் வேண்டியிருக்கலாம், ஆனால் விழாது. ஸ்டேபிள் என்று சொன்னவன் நல்ல வார்த்தைதான் சொல்லியிருக்கிறான். அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடு.

இன்னும் என்ன சந்தேகம் வந்தாலும் எழுது. எனக்கு இங்கே வேறு வேலை இல்லை.

உன் மச்சான்
உத்தமன்


கள்ளிக்குப்பம்
23 ஏப்ரல் 2024

மச்சான், உன் கடிதம் வந்தது. ஆக்னஸ் இரண்டு தடவை படித்தாள். முக்காலி நன்றாக நினைவிருக்கிறது. அதில் பச்சைப் பெயின்ட் பாதி உரிந்திருக்கும். ஒரு காலில் யாரோ "பார்த்தசாரதி" என்று ஆணியால் கீறி வைத்திருந்ததாக நீ படித்துச் சொன்னாய்.

சுளுக்கு வலது கை. எண்ணெய் தேய்த்தாயிற்று. சுளுக்கு எடுக்கிறவரிடம் பூந்தமல்லிக்குக் கூட்டிப் போகலாம் என்றால் மெட்ரோ வேலைக்காக ரோட்டை அடைத்து வைத்திருக்கிறார்கள், பஸ்ஸில் குலுங்கினால் இன்னும் மோசமாகும் என்று விட்டுவிட்டோம்.

அடுத்த சந்தேகம். "ரிஸ்க்கு கீது, ஆனா டேஞ்சர் இல்ல" என்று ஒருத்தர் சொன்னார். அவர் படித்தவர், வெள்ளைக் கோட்டு போட்டவர்போல மரியாதையாகப் பேசுகிறவர். எனக்குத் தெரிந்து இரண்டுமே ஆபத்துதான். ஒரே வாயில் உண்டு என்றும் இல்லை என்றும் சொன்னால் எதை எடுத்துக்கொள்வது? இது அவசரம். தினகரன் பந்தயம் கட்டியிருக்கிறான், அடுத்த வாரத்துக்குள் சொல்லியாக வேண்டும்.

இங்கே வெயில் அதிகம். குடத்துத் தண்ணீர்கூடச் சுடுகிறது. உன் தங்கச்சி தூங்குகிறாள், அதனால் அவள் சொல்ல ஒன்றும் எழுதவில்லை.

அழகேசன்


ஜபல்பூர்
30 ஏப்ரல் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் மங்களகரமாக வந்து சேர்ந்தது. ரேவதி வீட்டுக்காரர் கவரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, "இன்னா மாமா, யாருக்கு விசேஷம்?" என்று சாடை காட்டினார். பந்தயம் கட்டியிருக்கிறார்களாம் என்று சொல்லி வைத்தேன்.

கடிதம் வந்த அன்றே எழுதுகிறேன். அவசரம் என்றாயே.

அம்பத்தூர் ரயில்வே கேட்டை நினைத்துக்கொள். கேட் போட்டிருக்கும்போது குனிந்து தண்டவாளத்தைத் தாண்டுவது ரிஸ்க். ரயில் நேரே வந்து நிற்பது டேஞ்சர். அந்தக் கேட்டை நாம் எத்தனை தடவை குனிந்து தாண்டியிருப்போம்? சைக்கிளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு? ஒரு தடவையாவது ரயில் மோதியதா? ரிஸ்க் என்பது பெரும்பாலும் வராமலே போகிற ஒன்று. இருந்தாலும் இரண்டு பக்கமும் பார்த்துத் தாண்டு என்று சொல்வது படித்தவர்களின் கடமை, சொல்கிறார்கள். டேஞ்சர் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்லிவிட்டாரா? பிறகு என்ன. தினகரனிடம் பந்தயத்தைத் தைரியமாகக் கட்டு.

நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். ஹியர் என்றும் லிசன் என்றும் இரண்டு வார்த்தை. நாம் இரண்டையும் கேட்பது என்றுதான் சொல்வோம். ஹியர் என்றால் தானாகக் காதில் விழுவது. லிசன் என்றால் நாமாகக் காது கொடுப்பது. பாக்டரியில் எஞ்சின் ஓட்டிப் பார்க்கிற ஷெட் என்னுடைய ஹியரை எடுத்துக்கொண்டது. லிசன் என்னிடமே இருக்கிறது. ஆகையால் நீ எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

நாகம்மாள் தூங்கட்டும். எழுப்ப வேண்டாம்.

உத்தமன்


ஜபல்பூர்
2 மே 2024

அன்புள்ள மாமாவுக்கு,

பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆபரேஷன் நாள் குறித்ததை கௌதம் மெசேஜ் அனுப்பினான், உடனே அழித்துவிட்டேன். அத்தைக்காகப் பிள்ளைகள்கூடச் சாமி விளக்கு முன்னால் நிற்கிறார்கள், எதற்கென்று தெரியாமலே.

அப்பாவுக்கு ஒன்றும் தெரியாது மாமா, நீங்கள் பயப்பட வேண்டாம். நான் ஜாக்கிரதையாகத்தான் இருக்கிறேன். வீட்டுக்காரரிடம் அத்தையைப் பற்றிப் பேச வேண்டியிருந்தால் சமையலறையில் அப்பாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுகிறேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. நீங்கள் கேட்கிற வார்த்தைகளுக்கு அப்பா டிக்ஷனரியை எடுத்துப் பார்க்கிறார். வெகுநேரம் பார்க்கிறார். பிறகு மூடி வைத்துவிட்டு வேறு எதையோ எழுதுகிறார். காலையில் தபால்காரர் வருகிற நேரத்துக்குக் கேட்டருகே நாற்காலி போட்டு உட்காருகிறார். போன வாரம் ஸ்டேஷன் பக்கம் நடந்துபோய்வந்தார். கேட்டதற்கு, "டாக்டர்தானே நடக்கச் சொன்னார்" என்கிறார்.

அத்தை கண் விழித்ததும் ஒரு வரி அனுப்புங்கள்.

ரேவதி


கள்ளிக்குப்பம்
14 மே 2024

மச்சான், சுகம்தானே. இங்கேயும் அப்படியே.

ரயில்வே கேட்டைத் தாண்டியாயிற்று. ரயில் வரவில்லை. தினகரன் தோற்றான்.

ஹியர், லிசன் பற்றி நீ எழுதியதை ஆக்னஸ் படித்தாள். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன். படித்தாள். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், ஆக்னஸ் பேனாவைத் தயாராக வைத்திருந்தாள். பிறகு வேறு பேச்சுக்குப் போய்விட்டோம்.

இப்போது ஒரே ஒரு சந்தேகம்தான். "பாஸிபிள். பட் நாட் ப்ராபபிள்." இந்த நாலு வார்த்தையையும் சொன்னது சொன்னபடி ஆக்னஸிடம் சொல்லியிருக்கிறேன், ஒன்றும் மாறவில்லை. கெட்டது ஒன்று இருக்குமா என்று கேட்டால், இப்படிப் பதில் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள். கௌதம் இதைக் கேட்டதிலிருந்து சாப்பாட்டைப் பிசைந்துவிட்டு வைத்துவிடுகிறான். அவன் படித்தவன், அவனே அப்படி இருந்தால் எனக்கு என்ன தோன்றும் சொல்.

ஒரு ரிசல்ட் வர வேண்டும். அதாவது தினகரனின் மகள் பரீட்சை ரிசல்ட். அதற்காகத்தான் கேட்கிறேன்.

வீட்டில் சமையல் நான்தான். கை சுளுக்கு இன்னும் விடவில்லை. குழம்பில் உப்பு சரியாக விழுகிறது, புளிதான் பிடிபடவில்லை. அவளைக் கேட்டுச் செய்யலாம் என்றால் கேட்கிற தூரத்தில் இல்லை, கோயிலுக்குப் போயிருக்கிறாள்.

அழகேசன்


ஜபல்பூர்
21 மே 2024

மாப்பிள்ளை,

நம் அம்பத்தூர் மேனாம்பேட்டில் மழை பெய்யுமா என்று கேள். மே மாதத்தில் கேட்டால் பாஸிபிள். என்றைக்கோ ஒருநாள் கோடைமழை வந்து சாக்கடையை நிரப்பிவிட்டுப் போனதும் உண்டு. நவம்பர் மாதத்தில் கேட்டால் ப்ராபபிள். குடை இல்லாமல் வெளியே போகிறவன் முட்டாள். பாஸிபிள், ஆனால் ப்ராபபிள் இல்லை என்று ஒருத்தர் சொன்னால், அவர் மே மாதத்து வானத்தைப் பார்த்துச் சொல்கிறார்.

நீ கேட்பதும் மே மாதம்தான் மாப்பிள்ளை.

கௌதமைச் சாப்பிடச் சொல். புளியை எலுமிச்சை அளவுக்கு எடுத்து வெந்நீரில் ஊற வை, பச்சைத் தண்ணீரில் கரைக்காதே. நாகம்மாள் அப்படித்தான் செய்வாள்.

தினகரன் மகள் ரிசல்ட் வந்ததும் எழுது. நல்லபடி வரும்.

உத்தமன்


கள்ளிக்குப்பம்
8 ஜூன் 2024

மச்சான், உட்கார்ந்துகொண்டு படி. மாத்திரை போட்டாயா? போட்டுவிட்டுப் படி.

தினகரனுக்கு மகளே கிடையாது. உன் தங்கச்சிக்குச் சுளுக்கும் கிடையாது. குழாயடியில் விழுந்தாள், வயிற்றில் கட்டி இருந்தது, மே மாத முதல் வாரத்தில் அறுத்து எடுத்தார்கள். அது கெட்ட ஜாதியோ என்ற சந்தேகத்துக்குச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் பதில் வந்துவிட்டது. கெட்ட ஜாதி இல்லை. நேற்றைக்கு வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். இப்போது என் பின்னால் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டே, ஆக்னஸிடம் "சரியா எழுதுறியா" என்று கேட்கிறாள். முதலில் இதைச் சொல்லிவிட்டேன். இனி நீ என்னைத் திட்டலாம்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நடந்ததைச் சொல்கிறேன். நானும் கௌதமும் சுவரோரம் நின்றோம். வழக்கமாக வருகிற டாக்டர் இல்லை, ஒரு டாக்டரம்மா வந்தார். கையில் தாள். நான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன், என்ன வார்த்தை வந்தாலும் அப்படியே உனக்கு அனுப்ப வேண்டுமே. அந்தம்மா உன் தங்கச்சி தோளில் கை வைத்து, "ஒண்ணும் இல்லம்மா. கெட்ட கட்டி இல்ல. ஊட்டுக்குப் போயி நல்லா சாப்புடு" என்றார். ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட இல்லை மச்சான். உன்னிடம் கேட்க எனக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். கௌதம் குனிந்து, "அப்பா, எயுந்திரு, அவங்க பேஷண்ட் நீதான்னு நெனச்சிக்கப்போறாங்க" என்றான். அவன் சிரித்து வெகுநாள் ஆயிற்று.

உன் தங்கச்சி டாக்டரம்மாவுக்குக் கும்பிடு போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் கொடம் நசுங்கிச்சா?" என்றாள். நசுங்கித்தான் போயிருக்கிறது. பாத்திரக் கடையில் தட்டிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

சத்தியம் வாங்கியது அவள். வாயை மூடிக்கொண்டிருந்தது நான். ரேவதியைத் திட்டாதே, அவளுக்கும் நான்தான் வாய்ப்பூட்டு போட்டேன். உனக்குக் கோபம் வந்தால் அதை ஒரே கடிதத்தில் போட்டு அனுப்பிவிடு. நெஞ்சில் வைத்துக்கொள்ளாதே, அங்கே இடம் இல்லை.

அழகேசன்


ஜபல்பூர்
15 ஜூன் 2024

மாப்பிள்ளை,

உன் கடிதத்தைக் கேட்டருகே நாற்காலியில் உட்கார்ந்தே படித்தேன். தபால்காரர் போகாமல் நின்று பார்த்தார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டிருப்பார், உதடு அப்படித்தான் அசைந்தது. வேண்டாம் என்று தலையாட்டினேன். பிறகு வாங்கிக் குடித்தேன்.

இப்போது என் முறை. நீயும் உட்கார்ந்துகொள்.

எனக்கு முதல் கடிதத்திலேயே தெரியும்.

நாகம்மாள் எனக்கு எழுதும்போது தாளின் மேல் மூலை ஒன்றில் மட்டும் விரல் நுனியால் ஒரு பொட்டு மஞ்சள் வைப்பாள். நாலு மூலைக்கும் வைப்பது கல்யாணப் பத்திரிகைக்கும் பிள்ளை பிறந்த சேதிக்கும். நீ நாலு மூலைக்கும் கட்டைவிரலால் அப்பி அனுப்பியிருந்தாய். அதில் சாம்பார்த்தூள் வாசனை வேறு. கை சுளுக்கிக்கொண்டதற்கா ஒரு மனிதன் இவ்வளவு மஞ்சள் வைப்பான்? பயந்தவன்தான் வைப்பான். அப்புறம் உன் சந்தேகம். ஸ்டேபிள் என்ற வார்த்தை டீக்கடையில் பிறக்காது மாப்பிள்ளை, அது பிறக்கிற இடம் எனக்குத் தெரியும்.

ரேவதி முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள், பாவம். அடுப்புக்கு எதிரே சுவரில் எவர்சில்வர் தாம்பாளம் மாட்டியிருக்கிறது. அவள் முகம் அதில் முழுசாகத் தெரியும். "அத்தைக்கு ஆபரேஷன்" என்று சொன்னதை அதில்தான் பார்த்தேன்.

ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட்டும் எடுத்தேன். ஒரு நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். அப்புறம் யோசித்தேன். நான் வந்து இறங்கினால் நாகம்மாள் தன் வயிற்றை மறந்துவிட்டு என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நீ இரண்டு கட்டிலுக்கு நடுவே நிற்பாய். டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். தெரிந்ததாகக் காட்டினால் நீ எழுதுவதையும் நிறுத்திவிடுவாய் என்று பயம். அதனால் டீக்கடை வாக்குவாதத்தை நம்பினேன்.

ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ கேட்ட வார்த்தைகளுக்கு டிக்ஷனரியில் இருக்கிற அர்த்தத்தை நான் எழுதவில்லை. முக்காலியும் ரயில்வே கேட்டும் என் சரக்கு. கசப்பு மருந்தில் கொஞ்சம் சர்க்கரை போட்டேன். பாஸிபிளுக்கும் ப்ராபபிளுக்கும் மட்டும் போடவில்லை. அதில் இருந்ததே இனிப்புதான்.

கோபம் இல்லை. இருந்தது, அந்தத் தண்ணீரோடு இறங்கிவிட்டது.

உத்தமன்


கள்ளிக்குப்பம்
24 ஜூன் 2024

மச்சான், உன் கடிதத்தை ஆக்னஸ் படிக்க, உன் தங்கச்சி கட்டிலிலிருந்தே சிரித்தாள். தையல் போட்ட இடம் வலிக்கிறது, சிரிக்க வைக்காதே என்று என்னைத் திட்டினாள். எழுதினது நீ, திட்டு எனக்கு.

நீ சர்க்கரை போட்டது எனக்கும் தெரியும்.

எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் கேட்டதை எங்கேயும் எழுதி வைத்துவிட்டு மறக்க முடியாது. நீ எனக்குச் சொன்ன அர்த்தம் ஒவ்வொன்றும், சொன்ன இடத்தோடு இருக்கிறது. உன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாம் இருவரும் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டில் நின்றோம். நீ நீலச் சட்டை போட்டிருந்தாய், காலரில் நூல் பிரிந்திருந்தது. ஒரு நர்ஸ் வந்து "ஸ்டேபிள்" என்று சொல்லிவிட்டுப் போனார். "அப்டின்னா இன்னா மச்சான்?" என்று நான் கேட்டேன். நீ, "டாக்டருக்கே ஒண்ணும் புரியலன்னு அர்த்தம் மாப்ள. ஊருக்கு ஆளனுப்பு" என்றாய். முக்காலி அன்றைக்கும் ஸ்டோர்ஸில்தான் இருந்தது, உனக்கு நினைவு வரவில்லை.

ரிஸ்க்கும் அப்படித்தான். என்னை கிரேன் மேலே ஏறச் சொன்ன அன்று கேண்டீன் வாசலில் என் கையைப் பிடித்து இழுத்து, "டேஞ்சருக்குப் போர்டு வைப்பான், ஒதுங்கிக்கலாம். ரிஸ்க்குக்குப் போர்டு கெடையாது, ஏறாத" என்றவன் நீ.

அதனால் முக்காலி வந்த அன்றே எனக்குப் புரிந்துவிட்டது. இந்த ஆள் அர்த்தத்தை மாற்றிச் சொல்கிறான் என்றால், எதற்கோ மாற்றுகிறான். இவனுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் நெஞ்சு நிற்காமல் உட்கார்ந்து முக்காலிக் கதை எழுதுகிறான். அதைப் பார்த்துத்தான் எனக்கே தைரியம் வந்தது. சத்தியத்தை மீறாமல் உன்னிடம் பேச வேறு வழி தெரியவில்லை, அதனால்தான் அடுத்தடுத்து வார்த்தை கேட்டுக்கொண்டிருந்தேன். கௌதம் என்னிடம் எவ்வளவோ சொன்னான், கேட்டேன். நீ எழுதியதைத்தான் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். பொய் என்று தெரிந்தும் முக்காலி ஆடவில்லை மச்சான்.

இனி சர்க்கரை வேண்டாம். ஸ்டேபிள் என்றால் உண்மையில் என்ன அர்த்தம் என்று எழுது. உன் அப்பா விஷயத்தில் சொன்னதும் சரியில்லை, இப்போது சொன்னதும் சரியில்லை. நடுவில் ஒன்று இருக்கத்தானே வேண்டும்.

அழகேசன்


கள்ளிக்குப்பம்
22 ஜூலை 2024

அண்ணனுக்கு நாகம்மாள் எழுதுவது. நானே எழுதுகிறேன். எழுத்து சாய்ந்திருந்தால் ஆவடி பஸ் என்று சொல்லாதே, எல்லாம் ஆக்னஸ் படித்துக் காட்டினாள்.

உடம்பு தேவலை. நேற்று குழாயடிக்குப் போனேன். குடத்தை கௌதம்தான் தூக்கினான், நான் கூட நடந்தேன். தட்டிக்கொடுத்தும் அதில் ஒரு பள்ளம் இருக்கிறது. இருக்கட்டும்.

இவர் எனக்குச் செய்த சத்தியத்தை நீங்கள் இருவரும் காப்பாற்றவும் இல்லை, உடைக்கவும் இல்லை. ஒருத்தர் தெரியாததுபோலக் கேட்டீர்கள், இன்னொருத்தர் தெரியாததுபோலச் சொன்னீர்கள். நடுவில் ஆக்னஸ் பாவம், யாரைப் பார்த்துச் சிரிப்பது என்று தெரியாமல் எழுதியிருக்கிறாள். "அக்கா, எனுக்குத் தச்சத பிரிச்சிப் பிரிச்சித் தச்ச மாதிரி இருந்துச்சு" என்கிறாள்.

இவர் கேட்ட ஸ்டேபிளுக்கு நீ இன்னும் அர்த்தம் எழுதவில்லையாம். தினமும் தபால்காரரை வழிமறித்துக் கேட்கிறார். எழுத வேண்டாம் அண்ணே. ரேவதியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஆடிப் பெருக்குக்கு வந்துவிடு, நேரில் சொல். நீ பிரயாணம் செய்யலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாக ரேவதி போனில் சொன்னாள். இப்போது அவள் உனக்கு முதுகைக் காட்ட வேண்டியதில்லை அல்லவா. உப்புப் போட்ட சாம்பார் ஒரே ஒரு வேளை தருகிறேன். ரேவதியிடம் சொல்லாதே.

இந்தத் தாளில் நாலு மூலைக்கும் மஞ்சள் வைத்திருக்கிறேன். கிழங்கு உரைத்து, என் விரலால் வைத்தது. யாருக்குக் கல்யாணம் என்று கேட்காமல் கிளம்பி வா.

உன் தங்கை
நாகம்மாள்